கூலிங் டவர் கன்ட்ரோலரில் இன்புட்டும் இன்டர்லாக்கும் அமைப்பது எப்படி?

வாட்டர் ட்ரீட்மென்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கன்ட்ரோலரை ஆன் செய்ததும் நேராக மெனுவுக்குள் போய் செட்பாயிண்ட் (எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்ற இலக்கு) போடுகிறார்கள். பி.எச். 7.8, கண்டக்டிவிட்டி (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 2000 என்று தட்டிவிட்டு, திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள். பம்ப் எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும்தான் அதுவரை கன்ட்ரோலருக்குச் சொல்லியிருக்கிறோம். எப்போது ஓடவே கூடாது என்பதை இன்னும் சொல்லவில்லை. அப்படி ஓடவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் இன்டர்லாக் என்று பெயர். நான் இங்கே எழுதப் போவது பெரும்பாலும் அந்த மீதி வேலையைப் பற்றித்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கூலிங் டவரை (சுற்றி வரும் சூடான தண்ணீரைக் காற்றில் குளிர்விக்கும் கோபுரம்) வைத்துக்கொள்வோம். சிஸ்டத்தில் 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மெயின் லைனிலிருந்து ஒரு சிறிய சாம்பிள் லைன் பிரிந்து வந்து, பி.எச்., ஓ.ஆர்.பி. (குளோரினின் வீரியத்தைக் காட்டும் அளவு), கண்டக்டிவிட்டி என்று மூன்று சென்சார்களைக் கடந்து மறுபடி மெயின் லைனில் சேர்கிறது. அதற்கு அப்பால் பி.எச்.-ஐக் குறைக்க ஆசிட், கிருமிகளைக் கொல்ல ஹைப்போ, துருவையும் படிவையும் தடுக்க இன்ஹிபிட்டர் மூன்றும் தனித்தனி இடங்களில் டோஸ் ஆகின்றன. உப்பு ஏறினால் திறந்து தண்ணீரை வெளியேற்ற ஒரு ப்ளோடவுன் வால்வு, புதுத் தண்ணீர் வரும் மேக்கப் லைனில் ஒரு வாட்டர் மீட்டர். இவ்வளவுதான் அமைப்பு.

இதில் சர்க்குலேஷன் பம்ப் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். சாம்பிள் லைனில் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும். பி.எச். சென்சார் பார்ப்பது அந்தத் தேங்கிய தண்ணீரைத்தான். நிற்கும்போது 8.2 என்று இருந்தால் ஒரு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய 8.2தான். செட்பாயிண்ட்டைவிட அதிகமாக இருப்பதால் கன்ட்ரோலர் ஆசிட் பம்ப்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஓ.ஆர்.பி. குறைவாக இருந்தால் ஹைப்போ பம்ப்பும் கூடவே ஓடும். இரண்டும் ஓட்டமில்லாத குழாயில் சேர்ந்துகொண்டே இருக்கும். சல்ஃப்யூரிக் ஆசிட்டும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் நேருக்கு நேர் கலந்தால் குளோரின் வாயு வரும். யாரோ வந்து சர்க்குலேஷன் பம்ப்பை மறுபடி ஓட்டும்போது அந்த வாயுவும் கெட்டியான ஆசிட்டும் சேர்ந்து டவருக்குப் போகும். அந்த நேரத்தில் டவர் பக்கத்தில் ஆள் நிற்கலாம். நீச்சல் குளங்களில் இதே காரணத்தால் குளோரின் வாயு பரவி மக்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். கன்ட்ரோலர் கெட்டுப்போகாமல், தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே இது நடந்துவிடும்.

காகிதத்தில் தொடங்குங்கள்

மெனுவைத் தொடும் முன் ஒரு தாளில் எல்லா இன்புட்டுகளையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வயர் அறுந்தால் கன்ட்ரோலர் என்ன நினைக்கும்? சென்சார் ஒரே அளவில் உறைந்து நின்றால் என்ன நடக்கும்? தப்பான அளவு காட்டினால் எந்தப் பக்கம் தப்பாகக் காட்டும்?

அடுத்து அவுட்புட்டுகள். ஒவ்வொன்றும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொண்டால் கெடுதல் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் வரும் என்று எழுதுங்கள். ப்ளோடவுன் வால்வு திறந்தே கிடந்தால் தண்ணீரும் கெமிக்கலும் வீணாகும். மூடியே கிடந்தால் நாள்கணக்கில் உப்பு ஏறி ஸ்கேல் (சுண்ணாம்பு போன்ற கெட்டிப் படிவு) படியும். இன்ஹிபிட்டர் அதிகம் போனால் பெரும்பாலும் பணம்தான் போகும். ஆசிட் அப்படியல்ல, அது நிமிடக் கணக்கு. இந்தத் தாளைப் பார்த்தாலே எதற்கு எத்தனை பாதுகாப்பு வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஃப்ளோ ஸ்விட்ச்

எல்லா இன்புட்டுகளிலும் முக்கியமானது இதுதான். பார்க்கச் சின்னச் சாமான், விலையும் குறைவு. அதனாலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை.

மெக்கானிக்கல் ஃப்ளோ ஸ்விட்ச் ஒரு டிரை கான்டாக்ட். அதாவது அதில் மின்சாரம் எதுவும் வராது, இரண்டு வயர்களும் சேரும் அல்லது பிரியும். கன்ட்ரோலரே அதற்குச் சிறிய வோல்டேஜ் கொடுத்து, சேர்ந்திருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும். அந்த டெர்மினலில் வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்துவிடாதீர்கள், இன்புட் கார்டு போய்விடும்.

தண்ணீர் ஓடும்போது கான்டாக்ட் மூடியிருக்க வேண்டும், நின்றால் திறக்க வேண்டும். கன்ட்ரோலரில் 'கான்டாக்ட் திறந்தால் இன்டர்லாக்' என்று தேர்ந்தெடுங்கள். இந்த முறையில் வயரை எலி கடித்தாலும், டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தாலும், யாராவது ஸ்விட்ச்சையே கழற்றிப் போனாலும் கன்ட்ரோலருக்கு அது ஓட்டம் நின்றதாகத்தான் தெரியும், பம்ப்புகள் நிற்கும். மாற்றி அமைத்துவிட்டால் வயர் அறுந்த பிறகு ஓட்டம் எப்போதும் இருப்பதாகத் தெரியும். அந்த நாளிலிருந்து இன்டர்லாக் இல்லை, இல்லை என்பதும் யாருக்கும் தெரியாது. பெரும்பாலான கன்ட்ரோலர்களின் மெனுவில் இரண்டு தேர்வுகளும் பக்கத்து வரிகளில் இருக்கும், அவசரத்தில் மாறிவிடும். கையேட்டைப் படித்ததோடு விடாமல், மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, தண்ணீரை ஓடவிட்டும் நிறுத்தியும் ஸ்விட்ச் எந்தப் பக்கம் மாறுகிறது என்று நீங்களே பாருங்கள்.

மிதவை வகை ஸ்விட்ச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. அழுக்கும் பாசியும் படிந்து மிதவை மேலேயே ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் நின்றாலும் கான்டாக்ட் மூடியே இருக்கும். இதற்கு இரண்டு காரியம் செய்யலாம். சாம்பிள் லைன் தொடக்கத்தில் ஒரு ஸ்ட்ரெய்னர் வையுங்கள். கூடவே சர்க்குலேஷன் பம்ப்பை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டரில் உள்ள ஆக்சிலரி கான்டாக்ட்டை (பம்ப் ஓடுவதைச் சொல்லும் துணைக் கான்டாக்ட்) இன்னொரு டிஜிட்டல் இன்புட்டாகக் கொண்டுவாருங்கள். பம்ப் ஓடுகிறது, சாம்பிள் லைனிலும் ஓட்டம் இருக்கிறது என்று இரண்டு சாட்சிகளும் சொன்னால்தான் டோசிங். ஒன்று மட்டும் போதாது. பம்ப் ஓடினாலும் சாம்பிள் லைன் வால்வை யாராவது மூடியிருக்கலாம்.

ஸ்விட்ச் லேசாகத் துடித்தால் ரிலே படபடக்காமல் இருக்கச் சில விநாடிகள் தாமதம் போடலாம். நிமிடக்கணக்கில் போடாதீர்கள். ஓட்டம் திரும்பி வரும்போது மட்டும் கொஞ்சம் நீண்ட தாமதம் நல்லது. சாம்பிள் லைனில் தேங்கியிருந்த பழைய தண்ணீர் வெளியேறி, புதிய தண்ணீர் சென்சாருக்கு வந்த பிறகே கணக்கு தொடங்க வேண்டும்.

டேங்க் லெவல் ஸ்விட்ச், வாட்டர் மீட்டர்

லெவல் ஸ்விட்ச்சுக்கும் அதே விதி: கெமிக்கல் இருக்கும்போது மூடியிருக்கட்டும், தீர்ந்தால் திறக்கட்டும். பல மிதவை ஸ்விட்ச்களில் மிதவையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் செயல்பாடு மாறிவிடும், அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் மீட்டரில் பிழை வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஒரு பல்ஸுக்கு எத்தனை லிட்டர் என்ற எண். மீட்டர் 100 லிட்டருக்கு ஒரு பல்ஸ் கொடுக்கிறது, நீங்கள் 10 என்று போட்டுவிட்டீர்கள் என்றால், உள்ளே வந்த தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் இன்ஹிபிட்டர் போகும். திரையில் எந்த அலாரமும் வராது. சுழல் சக்கர மீட்டர் என்றால் கணக்கு மாறும், ஒரு லிட்டருக்கு எத்தனை பல்ஸ் என்ற கே-ஃபாக்டரைப் போட வேண்டும். எந்த வகையானாலும் மீட்டரின் டயலில் உள்ள எண்ணையும் கன்ட்ரோலர் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டு, மறுநாள் இரண்டும் ஒரே அளவு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ரீட் ஸ்விட்ச் உள்ள மீட்டர்களில் கான்டாக்ட் ஒருமுறை மூடும்போதே துள்ளி இரண்டு மூன்று பல்ஸாகக் கணக்கேறுவதுண்டு. கன்ட்ரோலரில் இன்புட் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அது அந்தத் துள்ளலை வடிகட்டிவிடும்.

4–20 மில்லி ஆம்பியர்

லெவல் டிரான்ஸ்மிட்டர், பிரஷர் டிரான்ஸ்மிட்டர் போன்றவை தாங்கள் அளந்ததை இந்தக் கரண்ட் சிக்னலாக அனுப்பும். 4 மில்லி ஆம்பியர் கீழ் எல்லை, 20 மேல் எல்லை, 12 என்றால் சரிபாதி. கீழ் எல்லையை 0-வில் வைக்காமல் 4-இல் வைத்திருப்பதால்தான் டேங்க் காலியாக இருப்பதையும் வயர் அறுந்ததையும் பிரித்தறிய முடிகிறது. அந்த வசதியைக் கன்ட்ரோலர் செட்டிங்கில் இழந்துவிடாதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0 முதல் 100 சென்டிமீட்டர் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டரில் கரண்ட் 0 ஆனால், கன்ட்ரோலர் கணக்கில் அது மைனஸ் 25 சென்டிமீட்டர். அப்படி ஓர் அளவு இருக்கவே முடியாது என்பதால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் சில கன்ட்ரோலர்கள் எதிர்மறை அளவுகளை 0 என்று வெட்டிக் காட்டிவிடும். அப்போது வயர் அறுந்ததைக் காலி டேங்க் என்று நினைத்து யாராவது ஆசிட் நிரப்பப் போவார்கள், நிறைந்த டேங்க்கில் மேலும் ஊற்றி வழியவிடுவார்கள். நாமூர் என்ற தொழில்துறை அமைப்பின் என்.இ.43 பரிந்துரையின்படி 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் அது பழுது. இந்த எல்லைகளை சென்சார் பழுது அலாரமாகப் போட்டு, அந்த அலாரம் வந்தால் அதைச் சார்ந்த அவுட்புட் அணையும்படி செய்யுங்கள்.

வயரிங்கில் கவனிக்க வேண்டியது, டிரான்ஸ்மிட்டர் இரண்டு வயர் வகையா நான்கு வயர் வகையா என்பது. இரண்டு வயர் என்றால் அதற்கான 24 வோல்ட் லூப்பிலிருந்தே வர வேண்டும். நான்கு வயர் வகை தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு கரண்ட்டை வெளியே தள்ளும், அதற்குக் கன்ட்ரோலரின் 24 வோல்ட்டையும் கொடுத்தால் இரண்டும் மோதும். கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

பி.எச்., ஓ.ஆர்.பி., கண்டக்டிவிட்டி

பி.எச். எலக்ட்ரோடு தருவது மில்லிவோல்ட் மட்டுமே. பி.எச். 7-இல் 0, அங்கிருந்து ஒவ்வொரு பி.எச். அலகுக்கும் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 59 மில்லிவோல்ட். 7, 4 பஃபர்களில் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்கள்) காலிப்ரேஷன் செய்தால் இரண்டுக்கும் இடையே 177 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். கன்ட்ரோலர் இதை ஸ்லோப் சதவீதமாகக் காட்டும். புது எலக்ட்ரோடில் அது 100-ஐ ஒட்டி இருக்கும். 85-க்குக் கீழே இறங்கிவிட்டால் நன்றாகக் கழுவி மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மாற்றுங்கள்.

இந்த எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழ் உடைந்தால் மில்லிவோல்ட் 0-வை ஒட்டி வந்துவிடும். திரையில் பி.எச். 7 பக்கத்தில் அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்கு அது நல்ல அளவாகத் தெரியும், அலாரம் எல்லைக்குள்ளேயே இருப்பதால் அலாரமும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் டவரில் பி.எச். எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு நாள் முழுக்க இரண்டாம் தசம இடம்கூட மாறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். டிரெண்ட் கிராஃப் உள்ள கன்ட்ரோலர் என்றால் தினமும் அதை ஒருமுறை பார்க்கச் சொல்லி ஆபரேட்டருக்குப் பழக்குங்கள். எலக்ட்ரோடு கேபிளைப் பம்ப் மின்வயர்களோடு சேர்த்துக் கட்டுவதும் தவறு. மிகப் பலவீனமான சிக்னல் அது, பம்ப் ஓடும்போதெல்லாம் அளவு குதிக்கும்.

கண்டக்டிவிட்டி எளிது. 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் சரிபார்க்கலாம். மேக்கப் தண்ணீர் 400 இருந்து, ஐந்து சுழற்சி (உப்பு ஐந்து மடங்கு ஆவது) வரை தாங்கும் என்று தண்ணீர் ஆய்வு சொன்னால் செட்பாயிண்ட் 2000. டெட்பேண்ட் 50 போட்டால் 2000-இல் வால்வு திறந்து 1950-இல் மூடும். டெம்பரேச்சர் இன்புட்டும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் அளவு மாறும் என்பதால் அந்த சென்சார் தப்பினால் இதுவும் தப்பும். கான்டாக்ட் வகை சென்சாரில் ஸ்கேல் படிந்தால் அளவு குறைவாகக் காட்டும், ப்ளோடவுன் குறையும், ஸ்கேல் இன்னும் ஏறும்.

ஓ.ஆர்.பி. பி.எச்.-ஐப் பொறுத்து மாறும். பி.எச். ஏறினால் அதே அளவு குளோரினுக்கு ஓ.ஆர்.பி. குறைவாகக் காட்டும், ஹைப்போ பம்ப் கூடுதலாக ஓடும். ஹைப்போ காரம் என்பதால் பி.எச். மேலும் ஏறும், ஆசிட் பம்ப் எழும். ஒன்று மற்றொன்றைத் தூண்டும் இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

யார் யாரை நிறுத்த வேண்டும்

நீங்கள் எழுதிய தாளில் இடப்பக்கம் காரணங்கள், மேலே அவுட்புட்டுகள் என்று ஒரு கட்டம் போடுங்கள். ஃப்ளோ போனால் ஆசிட், ஹைப்போ, இன்ஹிபிட்டர் மூன்றும் அணையட்டும். ப்ளோடவுனும் அணையட்டும், தேங்கிய சாம்பிளை நம்பி அதைத் திறந்து வைப்பதில் பயனில்லை. பி.எச். சென்சார் பழுது என்றாலோ பி.எச். மிகக் குறைந்தாலோ ஆசிட் அணையும். ஹைப்போவும் அணைவது நல்லது. ஆசிட் டேங்க் காலி என்றால் ஆசிட் மட்டும்.

ஆசிட் ஓடும்போது ஹைப்போ ஓடக் கூடாது, ஹைப்போ ஓடும்போது ஆசிட் ஓடக் கூடாது. இந்த இன்டர்லாக்கை எந்தக் கன்ட்ரோலரிலும் தவறாமல் போடுங்கள். டோசிங் இடங்களும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். இன்டர்லாக் மட்டும் போட்டுவிட்டு இரண்டையும் ஒரே டீயில் இணைத்திருந்தால் குழாயில் மிச்சமிருப்பது கலக்கும்.

பயோசைடு (கிருமிக்கொல்லி) போடுகிற சிஸ்டம் என்றால் அது வேலை செய்ய நேரம் வேண்டும். போட்டவுடன் ப்ளோடவுன் திறந்தால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். அதனால் முதலில் ப்ளோடவுன் செய்து கண்டக்டிவிட்டியைக் கொஞ்சம் இறக்கி, பிறகு பயோசைடு போட்டு, அதன்பின் குறிப்பிட்ட நேரம் ப்ளோடவுனைப் பூட்டி வைக்க வேண்டும். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் இதற்கென்றே ஒரு மோடு இருக்கும்.

ஆசிட்டுக்கு நேர வரம்பு

சென்சார் பொய் சொல்லி, ஃப்ளோவும் நன்றாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் ஆசிட்டை நிறுத்தாது. அங்கே கைகொடுப்பது அவுட்புட் நேர வரம்பு மட்டுமே. ஆனால் இதற்கு இரண்டு மணி, நான்கு மணி என்று தோன்றியதைப் போடுகிறார்கள். கணக்கு போட்டுத்தான் வைக்க வேண்டும்.

நம் டவரில் 100 கன மீட்டர் தண்ணீர், ஆல்கலினிட்டி (ஆசிட்டைத் தாங்கும் காரத் திறன்) லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கொள்வோம். மொத்தத்தில் 10 கிலோ, கால்சியம் கார்பனேட் கணக்கில். 98 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட் ஒரு லிட்டர் 1.84 கிலோ எடை, அது ஏறக்குறைய அதே 1.84 கிலோ ஆல்கலினிட்டியைத் தீர்த்துவிடும். ஆக சுமார் 5.4 லிட்டர் போதும், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரின் ஆல்கலினிட்டி முழுக்கப் போய், பி.எச். 4.5-க்குக் கீழே விழுந்துவிடும். மணிக்கு 10 லிட்டர் பம்ப் இதை 33 நிமிடத்தில் செய்துவிடும். இரண்டு மணி நேர வரம்பு இங்கே இருந்தும் இல்லாததுதான்.

உங்கள் டவருக்கு இதே கணக்கைப் போட்டு, ஆல்கலினிட்டியில் எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்து, அதற்குள் வரம்பை வையுங்கள். அந்த வரம்புக்குள் வழக்கமான டோசிங் முடியவில்லை என்றால் செட்பாயிண்ட்டையோ ஆசிட் தேவையையோ மறுபடி பாருங்கள், வரம்பை நீட்டிவிடாதீர்கள். பெரிய பம்ப்பின் ஸ்ட்ரோக்கைக் குறைத்து ஓட்டுவதைவிடச் சின்னப் பம்ப் போடுவது மேல், அதை யாராலும் நாப் திருப்பிக் கூட்ட முடியாது. நேர வரம்பு தாண்டி அணைந்த பம்ப் தானாக எழக் கூடாது. ஆள் வந்து, காரணம் பார்த்து, கையால் ரீசெட் செய்ய வேண்டும். ஃப்ளோ இன்டர்லாக் மட்டும் தானாக விடுபடலாம்.

சாஃப்ட்வேருக்கு வெளியே ஒரு கதவு

கன்ட்ரோலரின் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால், திரையில் 'ஆஃப்' என்று காட்டும்போதே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். மெனுவில் எத்தனை இன்டர்லாக் போட்டிருந்தாலும் அத்தனையும் அந்த ஒரே ரிலே வழியாகத்தான் போகின்றன. அதனால் ஆசிட், ஹைப்போ பம்ப்புகளின் பவர் லைனில் சர்க்குலேஷன் பம்ப் ஓடினால் மட்டும் மூடும் ஒரு ரிலே கான்டாக்ட்டைத் தொடராக வயரிங் செய்யுங்கள். கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் சர்க்குலேஷன் நின்றால் பம்ப்புக்கு மின்சாரம் வராது. ஆட்களின் உயிருக்கு ஆபத்து உள்ள இடங்களில் பாதுகாப்பு அமைப்பையும் கட்டுப்பாட்டு அமைப்பையும் பிரித்து வைப்பதே தொழிற்சாலைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஐ.இ.சி. 61511 தரத்தின் அணுகுமுறை. சாதாரண டோசிங் கன்ட்ரோலர் பாதுகாப்புக் கருவியாகச் சான்று பெற்றதல்ல.

கரண்ட் போனால் ஒவ்வொன்றும் எந்த நிலைக்கு வரும் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான சாலினாய்டு வால்வுகள் (மின்காந்தத்தால் இயங்குபவை) மூடிக்கொள்ளும். ஸ்ப்ரிங் இல்லாத மோட்டார் பால் வால்வு எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நிற்கும்.

கையால் ஓட்டும் மோடிலும் ஒரு பொறி இருக்கிறது. சில கன்ட்ரோலர்களில் 'ஹேண்ட்' போட்டால் பம்ப்புகளுக்கு இடையிலான இன்டர்லாக் வேலை செய்யாது. உங்களுடையது எப்படி என்று சோதித்துப் பார்த்து, பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஹேண்ட் மோடுக்கும் சில நிமிடங்களில் தானாக ஆட்டோவுக்குத் திரும்பும் வரம்பு வையுங்கள்.

உண்மையான காரணத்தால் சோதியுங்கள்

டேங்க்குகளில் கெமிக்கல் நிரப்பும் முன்பே சோதனையை முடிப்பது நல்லது. நிரப்பியாகிவிட்டது என்றால் பம்ப்பைக் கழற்றிவிட்டு அதன் பிளக் பாயிண்ட்டில் ஒரு விளக்கைப் போடுங்கள். விளக்கு எரிந்தால் பம்ப் ஓடியிருக்கும் என்று அர்த்தம்.

ஃப்ளோ இன்டர்லாக்கைச் சோதிக்க மெனுவில் சிமுலேஷன் போடாதீர்கள், சாம்பிள் லைன் வால்வை மூடுங்கள். பிறகு திறந்து, இந்த முறை ஃப்ளோ ஸ்விட்ச் வயரைக் கழற்றுங்கள். இரண்டிலும் ஆசிட், ஹைப்போ விளக்குகள் அணைய வேண்டும். லெவல் மிதவையைக் கையால் இறக்குங்கள். 4–20 லூப்பைப் பிரித்து, பழுது என்று காட்டுகிறதா அல்லது 0 என்று காட்டுகிறதா பாருங்கள். பி.எச். எலக்ட்ரோடைச் சாம்பிள் லைனிலிருந்து எடுத்து 10 பஃபரில் வைத்துவிட்டு, ஆசிட் விளக்கு எரிவதையும், நேர வரம்பில் சரியாக அணைவதையும், ரீசெட் செய்யாமல் மறுபடி எரியாமல் இருப்பதையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய சோதனை இது, பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எலக்ட்ரோடு வெளியே இருக்கும் வரை ஆசிட் பம்ப்பின் பிளக் கழன்றே இருக்கட்டும்.

தாளில் போட்ட கட்டத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் டிக், தேதி, கையெழுத்து. செட்டிங்ஸைக் கோப்பாகச் சேமித்துப் பிரதி எடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். சென்சார் மாற்றினால் அந்த வரிசையை மறுபடி சோதியுங்கள், மென்பொருள் புதுப்பித்தால் கட்டம் முழுவதையும் மறுபடி சோதியுங்கள்.

பெட்டியை மூடும் முன் டெர்மினல் வரிசையை ஒருமுறை விரலால் தடவிக்கொண்டே போங்கள். சோதனைக்காக ஃப்ளோ ஸ்விட்ச் இன்புட்டில் யாராவது போட்ட ஜம்பர் வயர் அங்கேயே இருக்கலாம். அது இருக்கும் வரை கன்ட்ரோலருக்குத் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கழற்றிய ஜம்பர்களை எண்ணி, தாளில் எழுதியிருக்கும் எண்ணிக்கையோடு சரிபார்த்துவிட்டு ஆசிட் பம்ப்பின் பிளக்கை மாட்டுங்கள்.